பாதாம் பூவுக்குக் கிடைக்கும் வெயில் நேரம்: காய்ப்பிடிப்பு எங்கே நிலைக்கிறது, எங்கே நழுவுகிறது

கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் பாதாம் மரங்கள் பிப்ரவரி நடுவில் பூக்கத் தொடங்கும். மார்ச் பத்தாம் தேதி வாக்கில் இதழ்கள் கொட்டித் தரை வெளுத்துக் கிடக்கும். உலகப் பாதாமில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்தப் பள்ளத்தாக்கில்தான் விளைகிறது. நம் ஊர்க் கடைகளில் எடைபோட்டு விற்கும் பருப்பில் பெரும்பங்கும் இங்கிருந்து கப்பலேறி வந்ததுதான். ஆண்டு முழுக்க நீர், உரம், கவாத்து என்று பாடுபட்டாலும், மரம் எவ்வளவு காய்க்கும் என்பது இந்த மூன்று வாரத்தில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

மூன்று வாரம் என்றாலும் கைக்குக் கிடைப்பது சில மணிநேரங்கள்தான். பிப்ரவரி இங்கே குளிரும் மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் மாதம். வெப்பம் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் தேனீ பெட்டியை விட்டு அதிகம் வெளியே வராது. மழையில் பறக்காது. காற்று மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிடும். இந்த மூன்று தடையும் இல்லாத பகல் நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால்தான் அந்த ஆண்டின் உண்மையான பூக்காலம் எவ்வளவு என்று தெரியும். 2020இல் பூக்காலம் வறண்டு, வெயிலாக அமைந்தது; மாநிலத்தின் விளைச்சல் ஏறத்தாழ 14 லட்சம் டன். 2023இல் காய்க்கும் பரப்பு அதைவிடக் கூடுதல். ஆனாலும் குளிரும் மழையும் காற்றும் பூக்காலம் முழுவதும் விடவில்லை. கிடைத்தது சுமார் 11 லட்சம் டன். தண்ணீர்த் தட்டுப்பாடு, உரச் செலவு போன்ற வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும் பெரிய அடி பூக்காலத்தில் விழுந்ததுதான்.

வானிலை நம் கையில் இல்லை. வெயில் அடிக்கும் அந்த நேரத்தில் பூவும், ஒத்துப்போகும் மகரந்தமும், பறக்கத் தெம்புள்ள தேனீயும் ஒரே இடத்தில் இருக்கும்படி ஏற்பாடு செய்வது மட்டும் நம் கையில் இருக்கிறது. அந்த ஏற்பாடு நாற்று நடும் நாளிலேயே தொடங்குகிறது.

ரகங்களின் பொருத்தம்

இங்கே முதன்மையான ரகம் நான்பரெல். ஓடு மெல்லியது, பருப்பு தட்டையாகவும் வெளிர்நிறமாகவும் இருக்கும், விலையும் கூடுதல். ஆனால் நான்பரெல் மகரந்தம் நான்பரெல் பூவில் விழுந்தால் காய் பிடிக்காது. பாதாமில் மகரந்தப் பொருத்தத்தை எஸ் என்ற ஒரு மரபணு தீர்மானிக்கிறது. ஒவ்வொரு மரத்திலும் அதன் இரண்டு வடிவங்கள் இருக்கும். ஒரு மகரந்தத்தூள் அவற்றில் ஒன்றை மட்டுமே சுமக்கும். தூள் சுமக்கும் வடிவம் பூவில் உள்ள இரண்டில் ஒன்றாக இருந்துவிட்டால், சூல்தண்டுக்குள் இறங்கும் மகரந்தக் குழாயைப் பூ பாதி வழியிலேயே நிறுத்திவிடும்.

நான்பரெல்லின் வடிவங்கள் எஸ்7, எஸ்8. கார்மெல் ரகத்துக்கு எஸ்5, எஸ்8. அதாவது கார்மெல் மகரந்தத்தில் பாதி நான்பரெல் பூவில் வேலை செய்யும், பாதி செய்யாது. மிஷன் ரகம் எஸ்1, எஸ்5 என்பதால் அதன் தூள் முழுவதும் பொருந்தும். ஆனால் அது தாமதமாகப் பூக்கும், நான்பரெல் பூ முடியும் தறுவாயில்தான் வந்து சேரும். பாதிப் பொருத்தம் என்பதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. தேனீ கொண்டுவந்து கொட்டும் தூளின் அளவோடு பார்த்தால் பாதியே தாராளம். பயப்பட வேண்டியது முழுப் பொருத்தமின்மைக்கு. மான்டெரே, பியூட் இரண்டுமே எஸ்1, எஸ்8. இந்த இரண்டை மட்டும் அடுத்தடுத்த வரிசையில் நட்டால், எத்தனை பெட்டி வைத்தாலும் ஒன்றுக்கொன்று உதவாது. பியூட்டுக்குத் துணையாகப் பாட்ரே நடுவது இதனால்தான். நாற்றங்காலில் ரகம் எடுக்கும்போது விலைப் பட்டியலோடு எந்த ரகம் எதனோடு பொருந்தும் என்று சொல்லும் பொருத்தக் குழுப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். நட்டபின் இந்தக் குறையைச் சரிசெய்யக் கிளைகளில் வேறு ரகம் ஒட்டுக்கட்ட வேண்டிவரும். அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை.

பொருத்தத்துக்கு அடுத்தது பூக்கும் நாள். நான்பரெல்லுடன் சேர்ந்தோ ஓரிரு நாள் முன்னதாகவோ பூக்கும் ரகம் ஒன்று, சில நாள் பிந்திப் பூக்கும் ரகம் ஒன்று என இரண்டும் வேண்டும். முதலில் சொன்னதற்கு ஆல்ட்ரிச், வுட் காலனி போன்றவை; இரண்டாவதற்கு மான்டெரே. முந்திப் பூக்கும் துணை இல்லாவிட்டால் நான்பரெல்லின் முதல் பூக்கள் மகரந்தமின்றி வீணாகும். குளிர்காலம் போதிய குளிர்ச்சி இல்லாமல் கடந்துபோன ஆண்டுகளில் ரகங்கள் வழக்கமான வரிசையில் பூக்காமல் முன்பின்னாகும். துணை ரகம் ஒன்றே ஒன்று வைத்திருப்பவர் அந்த ஆண்டில் மாட்டிக்கொள்வார்.

வரிசை அமைப்பில் ஆசைதான் கெடுக்கிறது. நான்பரெல்லுக்கு விலை அதிகம் என்று இரண்டு வரிசை நான்பரெல், ஒரு வரிசை துணை என்று நடுகிறார்கள். தேனீ பூவுக்குப் பூ தாவும்போது கிளைகள் உரசிக்கொள்ளும் பக்கத்து மரத்துக்கு, அதாவது அதே வரிசையிலேயே, போகத்தான் விரும்பும். வரிசை இடைவெளியைத் தாண்டுவது குறைவு. இரண்டுக்கு ஒன்று அமைப்பில் ஒவ்வொரு நான்பரெல் மரத்துக்கும் ஒரு பக்கம்தான் துணை கிடைக்கும். வானிலை நன்றாக இருந்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மோசமான ஆண்டில் தெரியும். ஒன்று விட்டு ஒன்று, நான்பரெல் பாதி, அதன் ஒரு பக்கம் முந்திய ரகம், மறுபக்கம் பிந்திய ரகம் என்ற பழைய அமைப்பே நம்பகமானது.

தேனீ வரிசையைத் தாண்டாது என்றால் அயல் மகரந்தம் எப்படிக் கிடைக்கிறது? இரண்டு வழி. பெட்டிக்குள் தேனீக்கள் நெருக்கியடித்து உரசும்போது ஒன்றின் உடலிலுள்ள தூள் மற்றொன்றுக்கு ஒட்டுகிறது. நான்பரெல்லுக்கு மட்டுமே போகும் தேனீகூட உடலில் கார்மெல் தூளோடு கிளம்பும். இரண்டாவது, பூக்களில் மகரந்தம் தீரத் தீர, தேனீ இன்னும் தொலைவுக்கு அலையும். தேனீக் கூட்டம் அடர்த்தியாக இருக்க வேண்டும் என்பதற்குப் பின்னால் உள்ள காரணம் இதுதான்: போட்டி இருந்தால்தான் அது வரிசை தாண்டும்.

பெட்டியை எண்ணாதீர்கள், சட்டத்தை எண்ணுங்கள்

ஏக்கருக்கு இரண்டு பெட்டி என்பது இங்கே பொதுக் கணக்கு. ஒரு பெட்டிக்கு வாடகை 200 டாலர் அளவில் போகிறது. அமெரிக்காவில் வளர்க்கப்படும் தேனீப் பெட்டிகளில் மிகப் பெரும்பகுதி, புளோரிடாவிலிருந்தும் டகோட்டாக்களிலிருந்தும் லாரிகளில் ஏறி, பிப்ரவரியில் இந்தப் பள்ளத்தாக்கில் வந்து இறங்குகிறது. இவ்வளவு தேவை இருக்கும்போது பலவீனமான பெட்டிகளும் அதே விலைக்குக் கைமாறும்.

பலத்தை அளக்கும் அலகு, தேனீ மூடிய சட்டம்; அதாவது பெட்டிக்குள் தொங்கும், அடை கட்டிய மரச்சட்டகம். லாங்ஸ்ட்ராத் என்ற வழக்கமான மரப்பெட்டியின் ஆழச் சட்டம் ஒன்றின் இரண்டு பக்கமும் முக்கால் அளவுக்குத் தேனீ மூடியிருந்தால் அது ஒரு சட்டம். அதில் இரண்டாயிரம் தேனீ அளவுக்கு இருக்கும். ஒப்பந்தத்தில் சராசரி எட்டுச் சட்டம், எந்தப் பெட்டியும் ஆறுக்குக் குறையக்கூடாது என்று எழுதுவது வழக்கம்.

நான்கு சட்டப் பெட்டி இரண்டு வைத்தால் எட்டுச் சட்டப் பெட்டி ஒன்றுக்குச் சமம் என்று தோன்றும். சமமே இல்லை. தேனீக்கள் புழு அடையை 34, 35 டிகிரியில் காக்க வேண்டும். பிப்ரவரிக் குளிரில் சிறு கூட்டத்தில் பெரும்பாலான தேனீக்கள் சூடு காக்கவும் புழுவுக்கு ஊட்டவுமே போய்விடும். வெளியே போக மிஞ்சுவது கொஞ்சம். பெரிய கூட்டத்தில் அந்த வேலைக்கு ஆள் போக, மீதி அனைத்தும் பூவுக்கு வரும். காலையில் வெப்பம் 13ஐத் தொட்டதும் முதலில் பறப்பதும் பலமான பெட்டிதான். இன்னொன்று: இன்னும் மெழுகால் மூடப்படாத அறைகளில் புழு நிறைய இருக்க வேண்டும். புழுவின் பசிதான் தேனீயை மகரந்தம் தேட விரட்டுகிறது. புழு இல்லாமல் தேனீ மட்டும் நிறைந்த பெட்டி தேன் உறிஞ்சும், மகரந்தம் சேர்ப்பதில் மந்தமாக இருக்கும்.

சோதனை எளிது, ஆனால் பெரும்பாலோர் செய்வதில்லை. பெட்டிகள் இறங்கி ஓரிரு நாளில், பத்து முதல் இருபது சதவீதப் பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும். பாதையோரத்தில் இருப்பவற்றை மட்டும் பார்க்கக்கூடாது; ஒவ்வொரு குவியலிலிருந்தும் இரண்டு மூன்று எடுங்கள். தேனீ வளர்ப்பவரும் உடன் இருக்கட்டும். அல்லது இருவருக்கும் பொதுவான ஆய்வாளர் ஒருவரை அமர்த்துங்கள். இருபது சட்டம் பிரித்துப் பார்க்க நேரமில்லாவிட்டால் மேலறை, கீழறை இரண்டிலும் மூடியைத் தூக்கி, சட்டங்களின் நடுவே தெரியும் கொத்தின் அகலத்தை எண்ணலாம். ஆனால் குளிர் நேரத்தில் எண்ணினால் கொத்து சுருங்கி இருக்கும், சூடான நேரத்தில் எண்ணினால் பாதி வெளியே போயிருக்கும். இதை இருவரும் முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். பெட்டி வரும் நாள், எண்ணிக்கை, சராசரி, குறைந்தபட்சம், யார் எப்போது எண்ணுவது, குறைந்தால் வாடகையில் எவ்வளவு கழிவு, கூடினால் எவ்வளவு கூடுதல், மருந்து தெளிப்புக்கு எத்தனை மணி முன்னறிவிப்பு, பெட்டி வெளியேறும் நாள். எட்டைத் தாண்டிய சட்டத்துக்குக் கூடுதல் பணம் தரும் தோட்டங்களுக்கு நல்ல பெட்டி வருகிறது. கழிவு மட்டும் பேசுபவருக்கு நல்ல வளர்ப்பவர் நிலைப்பதில்லை. வரோவா உண்ணியும் அது பரப்பும் வைரஸும் வளர்ப்பவரை எப்படி வாட்டுகின்றன என்பதை 2025 தொடக்கத்தில் எல்லோரும் பார்த்தோம். பெரிய அளவில் தேனீ வளர்ப்பவர்கள் சராசரியாகப் பாதிக்கும் மேலான கூட்டங்களை இழந்திருந்தார்கள். அந்த மாதிரி ஆண்டில் ஜனவரியில் ஃபோன் செய்து பெட்டி தேடுபவருக்கு மிஞ்சுவது நான்கு சட்டப் பெட்டிதான்.

எங்கே வைப்பது, எப்போது எடுப்பது

முந்திப் பூக்கும் ரகத்தில் பத்து சதவீதப் பூ மலர்ந்ததும் பெட்டி உள்ளே வர வேண்டும். ரொம்ப முன்னதாக வந்தால் தேனீ வேறு பூவைத் தேடிப் பழகிவிடும். தாமதித்தால் நான்பரெல்லின் முதல் பூக்கள் போயின.

நாற்பது ஏக்கர் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். சதுரமானால் ஒரு பக்கம் 400 மீட்டர். 80 பெட்டி, ஒரு பலகைமேல் நான்கு என்று 20 பலகை. அவ்வளவையும் ஒரே மூலையில் இறக்கினால் லாரி ஓட்டுநருக்குச் சௌகரியம். வெயில் நன்றாக அடித்தால் பெரிய கேடும் இல்லை, தேனீ அத்தனையும் தாண்டிப் பறக்கும். குளிரும் காற்றும் உள்ள நாளில் அது பெட்டியை ஒட்டிய சில வரிசைகளோடு திரும்பிவிடும், எதிர் மூலை வெறுமையாகக் கிடக்கும். அதனால் 16 பெட்டியாக ஐந்து குவியல் போடுங்கள்: நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொன்று, உள்ளே ஒன்று. பெரிய தோட்டங்களில் குவியலுக்குக் குவியல் 400 மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம்.

வாசல் கிழக்கோ தென்கிழக்கோ பார்க்கட்டும். காலை வெயில் நேராகப் பட்டால் தேனீ சீக்கிரம் கிளம்பும். குறுகிய நாளில் அந்த நேரம் பெரிது. மர நிழலிலும் பள்ளத்திலும் வைக்காதீர்கள். பிப்ரவரி மழையில் தண்ணீர் தேங்கும் இடம் எது என்று தோட்டக்காரருக்குத் தெரியும், இரவில் பெட்டி இறக்க வரும் ஓட்டுநருக்குத் தெரியாது. இடத்தில் கொடி நட்டு, வரைபடம் ஒன்று கொடுத்துவிட வேண்டும். பக்கத்தில் சுத்தமான தண்ணீர், அதில் தேனீ உட்கார மிதக்கும் குச்சிகள். தண்ணீர் தேடிப் போகும் ஒவ்வொரு தேனீயும் பூவுக்குப் போகாத தேனீ.

தேனீ போதுமா என்பதைப் பூவிடம் கேட்கலாம். நல்ல வெயில் நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு, அன்று காலை விரிந்த பூக்களைப் பெட்டியிலிருந்து தொலைவான வரிசைகளில் பாருங்கள். மகரந்தப் பைகள் வெடித்து, தூள் ஏறத்தாழ வழித்தெடுக்கப்பட்டிருந்தால் கூட்டம் போதும். மஞ்சள் தூள் அப்படியே அப்பியிருந்தால் அந்தப் பகுதிக்குத் தேனீ வரவில்லை. அன்று மாலையே ஒரு குவியலை நகர்த்துங்கள். பெட்டி வாசலையும் பாருங்கள். பாதாம் மகரந்த உருண்டை மங்கிய பழுப்பு மஞ்சள். கடுகு பளிச்சென்ற மஞ்சள்.

கடுகு என்றதும் ஒரு சந்தேகம் வரும். மரங்களுக்கு இடையே அக்டோபரில் கடுகும் தீவன மொச்சை வகைகளும் விதைப்பதை இன்று பலர் செய்கிறார்கள். பாதாமை விட்டுத் தேனீ அங்கே போய்விடாதா? தோட்டத்தில் கண்டது அப்படியல்ல. பாதாம் பூத்திருக்கும்போது கூட்டம் பெரும்பாலும் பாதாமுக்கே போகிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள வெற்று நாட்களில் கடுகு கூட்டத்தைத் தாங்குகிறது. உறைபனி எச்சரிக்கை வந்தால் மட்டும் உடனே வெட்டித் தாழ்த்த வேண்டும். உயரமான பயிர் தரையில் சூடேறுவதைத் தடுக்கும்.

ஆஸ்மியா என்ற நீலத் தோட்டத் தேனீயைச் சேர்த்து வைப்பவர்களும் உண்டு. அது சற்றுக் குளிரிலும் பறக்கும். அது கூடவே இருந்தால் சாதாரணத் தேனீயும் வரிசை தாண்டுவது கூடுகிறது என்பது ஆய்விலும் தெளிவானது. கூடு கட்ட ஈரச் சேறு வைக்காவிட்டால் பறந்து போய்விடும். செலவும் அதிகம். பெட்டிக்கு மாற்றாக இதை நம்பக்கூடாது, துணையாக வைக்கலாம்.

கடைசியாகப் பூக்கும் ரகத்தில் தொண்ணூறு சதவீத இதழ் கொட்டியதும் பெட்டிகளை அனுப்பிவிடுங்கள். அதன்பின் தேனீக்கு அங்கே உணவில்லை. பட்டினியில் அக்கம்பக்கத் தோட்டங்களுக்கு அலைந்து, அங்கே தெளித்த மருந்தில் விழும்.

தெளிப்பு

பூக்காலத்தில் பூஞ்சாணக்கொல்லி தெளிக்காமல் இருக்க முடியாது. மழை பெய்யும் ஆண்டில் பழுப்பு அழுகல் பூவையும் கிளைநுனியையும் கருக்கிவிடும். பிஞ்சைச் சுற்றிக் காய்ந்து ஒட்டியிருக்கும் பூவுறையில் சாம்பல் பூஞ்சை ஏறிப் பிஞ்சையே அழுக்கும். இளஞ்சிவப்பு மொட்டு நிலையில் ஒன்று, முழுப் பூவில் ஒன்று, மழை விடாவிட்டால் இதழ் கொட்டும்போது இன்னொன்று என்பது வழக்கம். வறண்ட ஆண்டில் ஒன்றே போதும்.

தவறு நடப்பது எந்த மருந்து என்பதைவிட எப்போது, எதனுடன் கலந்து என்பதில். பிற்பகலின் பின்னேரத்திலோ இரவிலோ தெளித்தால், அன்றைய மகரந்தம் ஏற்கெனவே போயிருக்கும், தேனீ வீடு திரும்பியிருக்கும், விடிவதற்குள் மருந்து காய்ந்துவிடும், மறுநாள் காலை விரியும் புதிய பூவில் மருந்து படாத மகரந்தம் இருக்கும். நடுப்பகலில் தெளித்தால் மருந்து வீரியமில்லாததாக இருந்தாலும் நனைந்த தேனீ பறக்க முடியாமல் விழும். பெட்டி அருகே வரும்போது நாசில்களை மூடிவிடுங்கள்.

டிராக்டர் ஒருமுறை போகும் செலவை மிச்சப்படுத்த, பூஞ்சாணக்கொல்லியோடு பூச்சிக்கொல்லியும் ஒட்டுத்திரவமும் கலந்துவிடும் பழக்கம்தான் பெரிய கேடு. பூச்சி வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து வகைகள் வளர்ந்த தேனீயை உடனே கொல்லாது. அது மகரந்தத்தோடு பெட்டிக்குள் போய்ப் புழுவுக்கு ஊட்டப்படும். புழு தோலுரிக்க முடியாமல் சாகும். அதன் பலன் தெரியச் சில வாரம் ஆகும். அதற்குள் பெட்டி வேறு மாநிலம் போயிருக்கும். தோட்டக்காரர் கண்ணுக்கு எதுவும் படாது, வளர்ப்பவருக்குக் கூட்டம் சரிந்திருக்கும். 2014 பூக்காலத்தில் இப்படிப் பெருமளவு கூட்டங்கள் பாதிக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா பாதாம் வாரியம் தேனீப் பாதுகாப்பு நடைமுறைகளை வெளியிட்டது. அதன் சாரம்: பூக்காலத்தில் பூச்சிக்கொல்லியைக் கலவையில் சேர்க்காதே. மாநிலத்தின் பீவேர் பதிவில் பெட்டி இருக்கும் இடத்தை வளர்ப்பவர் பதிந்துவிட்டால், பக்கத்துத் தோட்டத்தில் தெளிப்பவருக்கும் முன்கூட்டித் தகவல் சொல்ல வழி இருக்கும்.

பூவுக்குள் நடப்பது

பூ விரிந்த முதல் இரண்டு மூன்று நாளில் மகரந்தம் விழுந்தால் காய்ப்பிடிப்பு நன்றாக இருக்கும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு விழுவதில் பயன் மிகக் குறைவு. சூல்முடியில் முளைத்த மகரந்தக் குழாய் சூல்வரை இறங்கச் சுமார் நான்கு முதல் ஏழு நாள் ஆகும். 15 டிகிரிக்கு மேல் வேகமாக இறங்கும், குளிரில் தயங்கும். சூலின் ஆயுளும் சில நாள்தான். தேனீ வந்து போன பூகூடக் காய் பிடிக்காமல் போவது இதனால்தான்: குழாய் வந்து சேரும் முன் சூல் வாடியிருக்கும். தேனீ பறக்க ஒரு நல்ல நாள் கிடைத்துவிட்டது என்று நிம்மதியடைய முடியாது. அடுத்த நான்கைந்து நாளும் கொஞ்சமாவது சூடு வேண்டும்.

உறைபனியும் இங்கே சேர்கிறது. முழுப் பூ சுமார் மைனஸ் 2 முதல் மைனஸ் 3 டிகிரியில் கருகத் தொடங்கும். உறை உதிர்ந்த சிறு பிஞ்சு அதைவிட மென்மையானது, மைனஸ் 1 போதும். 2022 பிப்ரவரி கடைசி வாரத்தில் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கின் வடபகுதியில் பல தோட்டங்கள் இப்படித்தான் காயை இழந்தன. புல் இல்லாத, ஈரமான, கிளறாத தரை பகலில் சூட்டை வாங்கி இரவில் விடும். அதனால் பனி வரும் முன் களையை வெட்டி, மேல் ஓரடி மண்ணை நனைத்துவிட வேண்டும். பனி இரவுக்கு முந்தைய நாள் தரையை உழுவது தீமை.

உதிர்வதைப் பார்த்துப் பதறாமல் இருக்க

பாதாமில் பூவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு காயானாலே நல்ல விளைச்சல். மீதி உதிரத்தான் செய்யும். எப்போது உதிர்கிறது என்பதில்தான் காரணம் இருக்கிறது. இதழ் கொட்டிய உடனே பூவோடு காம்பும் சேர்ந்து விழுந்தால் அவை சூல்தண்டு குட்டையான, ஊனமான பூக்கள். முந்தைய ஆண்டில் மரம் இருந்த நிலையை அவை காட்டுகின்றன. பூத்து நான்கு முதல் ஆறு வாரத்தில், பட்டாணி அளவுப் பிஞ்சு விழுந்தால் கருவுறாதவை. அதற்கும் பின்னால், பிஞ்சு ஓரளவு பருத்து விழுந்தால் மரத்தால் அத்தனையையும் சுமக்க முடியவில்லை என்று பொருள்.

சந்தேகம் வந்தால் பிஞ்சைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே இருக்கும் இரண்டு சூல்களில் ஒன்று வெண்மையாக, பளபளப்பாகப் பருத்து வந்தால் கருவுற்றது. இரண்டுமே சுருங்கிப் பழுப்பேறியிருந்தால் மகரந்தம் சேரவில்லை. உள்ளே முழுவதும் கருத்து நீர்கோத்திருந்தால் பனி. இரண்டும் பருத்திருந்தால் இரட்டைப் பருப்பு வரும்.

பிஞ்சு பார்த்துக் காரணம் ஊகிப்பதைவிடத் துல்லியமான வழி ஒன்று உண்டு. அதைப் பூக்காலத்திலேயே செய்ய வேண்டும். ஐந்தாறு நான்பரெல் மரங்களில் ஒரே மாதிரியான இரண்டு கிளைகளில் நூல் கட்டுங்கள். ஒன்றில் பூவை எண்ணிவிட்டுத் தேனீ பொறுப்பில் விடுங்கள். மற்றதில் கையால் மகரந்தம் தொடுங்கள். தூளுக்கு, பொருந்தும் ரகத்தில் விரியும் தறுவாயில் உப்பி நிற்கும் மொட்டுகளைப் பறித்து, மகரந்தப் பைகளைச் சல்லடையில் தேய்த்துப் பிரித்து, காகிதத்தில் பரப்பி, வீட்டுக்குள் 22 முதல் 25 டிகிரியில் ஓர் இரவு காயவிடுங்கள். காலையில் பைகள் வெடித்துத் தூள் உதிர்ந்திருக்கும். மெல்லிய தூரிகையால் இரண்டு நாளைக்கு ஒருமுறை, புதிதாக விரிந்த பூக்களில் தொடுங்கள். இரண்டு மாதம் கழித்து இரு கிளைகளிலும் காயை எண்ணிச் சதவீதம் போடுங்கள். கையால் தொட்ட கிளையில் கணிசமாகக் கூடுதலாகக் காய்த்திருந்தால் குறை பெட்டியிலோ ரக அமைப்பிலோ இருக்கிறது. இரண்டும் சமமாகக் குறைந்திருந்தால் தேனீயைக் குறை சொல்ல வேண்டாம். பனி, நோய், மரத்தின் சத்து என்று வேறு பக்கம் தேடுங்கள். ஒவ்வொரு தோட்டக்காரரும் பெட்டி எண்ணிக்கையை மாற்றும் முன் இதைச் செய்ய வேண்டும் என்பேன். ஒரு பெட்டி வாடகையைவிடக் குறைந்த செலவு.

தன் மகரந்தமே போதும் என்ற ரகங்கள்

தெற்கு இத்தாலியில் விளைந்த டுவோனோ ரகத்திலிருந்து பல ரகங்களுக்கு வந்த குணம் இது. பிரான்ஸின் லோரான், கலிபோர்னியாவின் இன்டிபென்டன்ஸ், ஷாஸ்டா போன்றவை தம் மகரந்தத்திலேயே காய்க்கும். தோட்டம் முழுவதும் ஒரே ரகம் என்பதால் அறுவடை ஒரே தடவையில் முடிகிறது. நடவு வேகமாகக் கூடிவருகிறது.

தேனீயே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. தூள் ஒட்டும் தன்மையுடையது, காற்றில் பறக்காது. அதே பூவுக்குள்ளும் மகரந்தப் பையிலிருந்து சூல்முடிக்குத் தானாக முழுவதும் சேராது. இன்டிபென்டன்ஸில் தேனீ விட்ட கிளைகளையும் வலை கட்டித் தடுத்த கிளைகளையும் ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வில், தேனீ வந்தவற்றில் பருப்பு விளைச்சல் சுமார் இருபது சதவீதம் கூடியது. ஏக்கருக்கு இரண்டு பெட்டி தேவையில்லை. அரை முதல் ஒரு பெட்டி வைப்பது நியாயமான செலவு. குளிர் ஆண்டில் ஒன்று.

மரத்தின் பங்கு

நான்பரெல் காயில் மிகப் பெரும்பகுதி குறுங்கிளைகளில்தான் பிடிக்கிறது. இந்த ஆண்டு காய்த்த குறுங்கிளை அடுத்த ஆண்டு பெரும்பாலும் பூக்காது, சில சமயம் பட்டுப்போகும். அதில் இலை எவ்வளவு இருந்தது, வெயில் எவ்வளவு பட்டது என்பதை வைத்தே அடுத்த பூ உருவாகிறது. அறுவடை முடிந்ததும் நீரைக் குறைத்துவிடுபவர்கள் அடுத்த பிப்ரவரிப் பூவைத்தான் குறைக்கிறார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில்தான் மொட்டு உள்ளுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது.

சத்துகளில் காய்ப்பிடிப்போடு நேராகச் சேர்வது போரான். மகரந்தம் முளைக்கவும் குழாய் நீளவும் அது வேண்டும். சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் கிழக்குப் பகுதியில், சியரா மலையின் கருங்கல் கரைந்து உருவான மணல் நிலங்களில் இந்தக் குறை அதிகம். இலைப் பரிசோதனை இதைச் சரியாகக் காட்டாது. அறுவடையின்போது காயின் புறத்தோலை எடுத்துச் சோதிக்க வேண்டும். 80 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 80 பங்குக்குக் கீழே இருந்தால் குறை. 300ஐத் தாண்டினால் நஞ்சு. குறை இருந்தால், இலை இன்னும் பச்சையாக இருக்கும் செப்டம்பர், அக்டோபரில் 20 சதவீதப் போரான் உப்பை ஏக்கருக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோவுக்குள் இலைவழியாகத் தெளிக்கலாம். தவறவிட்டால் இளஞ்சிவப்பு மொட்டில் தெளிக்கலாம். முழுப் பூவில் மட்டும் தெளிக்காதீர்கள், காய்ப்பிடிப்பைக் குறைக்கும்.

புறத்தோல் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதே வாரத்தில் தேனீ வளர்ப்பவரையும் கூப்பிட்டு அடுத்த பிப்ரவரிக்கான பெட்டி எண்ணிக்கையைப் பேசிவிடுங்கள். உண்ணிக்கு எப்போது மருந்து வைத்தார், குளிர்காலத்துக்கு எங்கே வைக்கப்போகிறார், மகரந்த மாற்று உணவு கொடுக்கிறாரா என்பதையும் கேளுங்கள். எட்டுச் சட்டம் வருமா என்பது அவருக்கு அப்போதே ஓரளவு தெரியும்.